அம்மாவின் நிறம்



போன மாதம் ஒரு மானிட்டர் வாங்கினேன். 74 வயதில் இவருக்கு எதற்கு மானிட்டர் என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே என் மனைவி கேட்டுவிட்டாள். அவளுக்குச் சொன்ன பதில் இரண்டு வரி. உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் இந்த ஒரு பொருளை வாங்கப் போய், நிறத்தின் சரித்திரத்தையே நான் புரட்ட வேண்டியதாயிற்று.

விஷயம் அம்மாவின் படத்தில் தொடங்குகிறது.

எங்களிடம் அம்மாவின் படங்கள் இரண்டே இரண்டு. ஒன்று 1961-ல் புதுச்சேரியில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் கையால் வர்ணம் தீட்டியது. மற்றது 1976-ல் இதே களியக்காவிளையில், என் கல்யாணத்தன்று எடுத்த கலர் படம். என் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து ஒரு கலர் ரோல் கொண்டுவந்திருந்தார். 36 படம். அதில் ஒன்றில்தான் அம்மா தனியாக, வாழை கட்டிய வாசலில் நிற்கிறார். கல்யாணத்துக்கென்று எடுத்த பட்டுப் புடவை. அந்தப் புடவையின் நிறத்தை அம்மா 'அரக்கு' என்பார். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அது 'போர்தோ', அதாவது அந்த ஊர்த் திராட்சை மதுவின் நிறம். என் மனைவிக்கு அது 'மெரூன்'. ஒரே புடவைக்கு ஒரே வீட்டில் மூன்று பெயர்.

அந்தப் படம் இத்தனை ஆண்டில் செம்பழுப்பாகிவிட்டது. வாழை இலை பழுப்பு, வானம் இளஞ்சிவப்பு, அம்மாவின் முகம் செங்கல். 70களின் கலர் படம் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். அந்தக் காலத்துக் கலர் தாளில் மூன்று சாயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்: மஞ்சள், மெஜந்தா, சயான் என்ற பச்சை கலந்த நீலம். பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும் பெரும்பாலும் முதலில் ஓடிப்போவது அந்த நீலச் சாயம்தான். மிச்சமிருக்கும் இரண்டும் சேர்ந்தால் சிவப்பு.

சரி, புதுப்பிக்கக் கொடுக்கலாம் என்று ஒரு கடையில் கொடுத்தேன். ஒரு வாரத்தில் பளபளவென்று பெரிதாக்கித் தந்தார்கள். வானம் நீலம், வாழை பச்சை. ஆனால் அம்மா? பாலில் குளித்தது போல. என் பேத்தி படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பாட்டா, உங்க அம்மா இவ்வளவு வெளுப்பா?"

என் அம்மா கருப்பு. நல்ல, திடமான கருப்பு. புதுச்சேரிக் கடற்கரைக் காற்றிலும் வெயிலிலும் வளர்ந்த நிறம். அதற்காக அவர் வருந்தி நான் பார்த்ததில்லை. ஊரார்தான் வருந்தினார்கள். இப்போது, போய்ச் சேர்ந்து இத்தனை காலம் கழித்து, அவருக்கு யாரோ வெள்ளையடித்துவிட்டார்கள்.

நானே செய்வது என்று முடிவு செய்தேன்.

நாலு திரை, நாலு அம்மா

பேத்தி ஸ்கேன் செய்து கொடுத்தாள். மடிக்கணினியில் போட்டோ திருத்தும் மென்பொருளை ஏற்றித் தந்தாள். பத்து நாள் உட்கார்ந்து திருத்தினேன். அம்மாவின் முகம் எனக்கு நினைவிருந்தபடி வந்தது. மார்த்தாண்டத்தில் பிரிண்ட் போட்டேன். கையில் வாங்கினால், படம் இருண்டு கிடக்கிறது, அதோடு மஞ்சள் பூத்திருக்கிறது. அதே கோப்பை மனைவியின் கைப்பேசியில் பார்த்தால் புடவை ரத்தச் சிவப்பு. வீட்டு டி.வி.யில் பார்த்தால் முகம் ஆரஞ்சு. புதுச்சேரியில் இருக்கும் தங்கை தன் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "அண்ணா, அம்மா ஏன் நீலம் பாரிச்ச மாதிரி இருக்காங்க?" என்றாள்.

நாலு திரை, நாலு அம்மா. இதில் எது நிஜம்?

முப்பத்து நான்கு ஆண்டு கோப்பு பார்த்த எழுத்தர் நான். ஒரே விஷயத்துக்கு நாலு இடத்தில் நாலு கணக்கு வந்தால், முதலில் பார்க்க வேண்டியது கணக்கை அல்ல, அளவுகோலை. சந்தையில் மீன் வாங்கும்போது தராசுக் கல்லில் அரசு முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம் அல்லவா? நிறத்துக்கு அப்படி முத்திரை இட்ட கல் உண்டா? அதை யார் செய்தார்கள்? இந்தக் கேள்விகளோடுதான் மானிட்டர் தேட ஆரம்பித்தேன்.

தூரிகைக்காரரின் ரோஜாக் கன்னம்

முதலில் 1961 படத்துக்கு வருகிறேன். அந்த நாளில் கலர் படம் என்றால் கையால் தீட்டுவதுதான். ஸ்டூடியோவில் ஓவியர் ஒருவர் இருப்பார். படத்தின் நிழல்கள் அடியில் தெரியும்படி மெல்லிய வர்ணத்தைப் பஞ்சாலும் தூரிகையாலும் ஏற்றுவார். அம்மாவின் படத்துக்குப் பின்புறம் பென்சிலில் 'புடவை பச்சை, கரை மஞ்சள்' என்ற குறிப்பு இன்னும் இருக்கிறது. ஸ்டூடியோக்காரர் கேட்டு எழுதிக்கொண்டது. தோலின் நிறத்தை அவர் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள். எல்லோருக்கும் ஒரே சந்தன நிறம், கன்னத்தில் ரோஜா. பெண் பார்க்க அனுப்பும் படமென்றால் இன்னும் ஒரு பூச்சு கூடும்.

இந்த ருசி எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. திருவனந்தபுரத்துக்கு வடக்கே கிளிமானூரில் 1848-ல் பிறந்த ராஜா ரவிவர்மா. 1894-ல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம்தான் லட்சுமியையும் சரஸ்வதியையும் ஏழை வீட்டுச் சுவருக்கும் கொண்டுவந்தது. ஜெர்மன் இயந்திரம், ஜெர்மன் வல்லுநர்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில் படம் எழுதி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடிக்கும் முறை. மூலச் சித்திரத்தின் நிறமும் அச்சுப் படத்தின் நிறமும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவில் கல்லில் எழுதியவரின் கண் இருக்கிறது. நம் தாத்தா பாட்டிகள் தெய்வத்தின் நிறம் என்று மனதில் பதித்துக்கொண்டது அந்தக் கண் தேர்ந்த நிறத்தைத்தான்.

தூரிகைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் பொய்யை மறைக்கவில்லை. இது கையால் தீட்டியது என்று யாருக்கும் தெரியும். கேமராவே பொய் சொன்ன கதை அடுத்து வருகிறது.

ஷெர்லி என்றொரு பெண்

1976-ல் நம் நாட்டில் கலர் ரோல் அபூர்வம். ஊட்டியில் அரசு நடத்திய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையின் 'இந்து' கறுப்பு வெள்ளை ரோல்தான் சாமானியனுக்குக் கிடைக்கும். (அந்த ஆலை பிரான்ஸின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு எழுந்தது என்பதில் என் போன்ற பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அன்று ஒரு பெருமை.) கலர் ரோல் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். கழுவுவதற்கும் வெளியூர் அனுப்ப வேண்டும்.

கழுவும் இடத்தில் நிறம் சரியாக வந்ததா என்று எப்படிப் பார்ப்பார்கள்? அமெரிக்காவின் கோடக் நிறுவனம் 1950களிலிருந்தே லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் ஒரு பெண்ணின் படம். அவள் முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரி. முதலில் அந்த அட்டைக்கு நின்ற பெண்ணின் பெயர் ஷெர்லி. பிறகு வேறு பெண்கள் நின்றாலும் 'ஷெர்லி அட்டை' என்ற பெயர் நிலைத்துவிட்டது. நெடுங்காலம் அந்தப் பெண்கள் எல்லோருமே வெள்ளைக்காரிகள்.

இதன் விளைவு என்ன? வெள்ளைத் தோல் இயல்பாக வர வேண்டும் என்று பிலிமையும் இயந்திரத்தையும் அமைத்தார்கள். கருந்தோலில் இருக்கும் நுட்பமான ஏற்ற இறக்கம், நெற்றியின் மினுக்கம், கண்ணுக்குக் கீழ் நிழல், இவை எல்லாம் ஒரே இருட்டாகிவிடும். வெள்ளையரும் கருப்பரும் சேர்ந்து நின்றால் கருப்பருக்குக் கண்ணும் பல்லும்தான் தெரியும். மக்கள் முறையிட்டபோது பெரிதாக ஒன்றும் அசையவில்லை. சாக்லேட் கம்பெனிகளும் மர நாற்காலி விற்பவர்களும் 'எங்கள் சரக்கின் பழுப்பு நிறம் விளம்பரத்தில் சரியாக விழவில்லை' என்று புகார் செய்த பிறகுதான் பிலிமில் பழுப்பு நிறங்களுக்குக் கவனம் கிடைத்தது என்று அந்த நிறுவனத்தில் இருந்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். பல இனப் பெண்களைச் சேர்த்து நிறுத்திய அட்டை 1990களில்தான் வந்தது.

ஆக, என் கல்யாணப் படத்தில் அம்மாவின் முகம் முதல் நாளிலேயே முழு நிஜமாக இருந்திருக்காது. அளவுகோல் வேறு யாரோ ஒரு பெண்ணின் முகம்.

மரச்சீனி மாவும் உருளைக்கிழங்கு மாவும்

இந்த இடத்தில் என் பள்ளிப் பிரெஞ்சு எனக்குக் கைகொடுத்தது. நிறத்தை இயந்திரத்தில் பிடிக்கும் சரித்திரத்தில் பாதி பிரான்ஸில் நடந்தது.

பாரிஸில் கொப்லேன் என்ற அரசாங்கத் திரைச்சீலை ஆலை. 1824-ல் அதன் சாயப் பிரிவுக்குத் தலைவராக ஷெவ்ரல் என்ற வேதியியல் அறிஞர் வந்தார். நெசவாளர்கள் ஒரு புகார் கொடுத்தார்கள்: கறுப்பு நூலில் அழுத்தம் இல்லை, சாயம் சரியில்லை. ஷெவ்ரல் சோதித்தார். சாயத்தில் குற்றமில்லை. அந்தக் கறுப்பு நூலை நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்ததால் அது வெளிறித் தெரிந்தது. பக்கத்தில் எது இருக்கிறதோ அதைப் பொறுத்து நிறம் மாறித் தெரியும் என்பதை விளக்கி 1839-ல் பெரிய நூல் எழுதினார். 102 வயது வரை வாழ்ந்த மனிதர். அவருடைய நூறாவது பிறந்தநாளை ஒட்டி 1886-ல் நதார் என்ற புகழ்பெற்ற படக்காரர் பேட்டி எடுக்க, நதாரின் மகன் பேசப் பேசப் படமெடுத்தார். உலகின் முதல் புகைப்படப் பேட்டி அதுதான் என்பார்கள். நம் வயதுக்காரர்களுக்கு நல்ல முன்மாதிரி!

பிறகு லூயி துய்கோ துய் ஓரோன். 1868-ல் மூன்று நிறங்களைக் கொண்டு எல்லா நிறங்களையும் படமாக்கும் வழிக்கு உரிமம் பெற்றவர். அதற்குப் பின் சினிமாவால் நாம் அறிந்த லூமியேர் சகோதரர்கள். 1907-ல் அவர்கள் சந்தைக்குக் கொண்டுவந்த 'ஓட்டோக்ரோம்' கண்ணாடித் தகட்டின் ரகசியம் என்ன தெரியுமா? உருளைக்கிழங்கு மாவு. மாவின் நுண்மணிகளைச் செம்மஞ்சள், பச்சை, ஊதா என்று மூன்று சாயத்தில் நனைத்து, கலந்து, கண்ணாடியில் ஒட்டி, இடைவெளிகளைக் கரித்தூளால் அடைத்தார்கள். ஒவ்வொரு மணியும் ஒரு சின்ன வண்ணக் கண்ணாடி. மரச்சீனிக் கிழங்கைக் காயவைத்து மாவாக்கும் ஊரில் உட்கார்ந்து இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் கையிலும் மாவு இருந்தது. நாம் அதை அவித்துத் தின்றுவிட்டோம்.

இதை ஏன் சொல்கிறேன்? உங்கள் கைப்பேசித் திரையை நல்ல பூதக்கண்ணாடியால் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று குட்டிக் குட்டிப் புள்ளிகள், நடுவில் கறுப்பு. கிட்டத்தட்ட அதே மாவுத் தகடுதான். ஒவ்வொரு புள்ளிக்கும் 256 படி வெளிச்சம். மூன்றையும் பெருக்கினால் 1 கோடியே 67 லட்சம் நிறங்கள் சொச்சம்.

ஆனால் 'சிவப்பு' என்றால் எந்தச் சிவப்பு? இங்கேதான் முத்திரைக் கல் வருகிறது. ஒளிக்கான சர்வதேச ஆணையம் ஒன்று உண்டு. அதன் பெயரே பிரெஞ்சில்தான், சுருக்கமாக சி.ஐ.ஈ. 1931-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கூடி, மனிதக் கண் நிறத்தை எப்படிக் காண்கிறது என்பதை எண்களாக்கினார்கள். 'நியமப் பார்வையாளர்' என்று ஒரு கற்பனை மனிதரை வகுத்தார்கள். அந்த மனிதருக்கு ஆதாரம் இரண்டு ஆய்வுகள்: ரைட் என்பவர் 10 பேரையும், கில்டு என்பவர் 7 பேரையும் உட்காரவைத்துச் செய்தவை. மொத்தம் 17 பேர். அந்தப் பதினேழு பேரின் கண்கள்தான் இன்றைக்கு உலகத்து மானிட்டர் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஆச்சரியமாக இல்லையா? இருந்தாலும் ஷெர்லி அட்டைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அட்டை ஒரு முகத்தை அழகாகக் காட்டுவதற்காக. இது எந்த நிறத்தையும் எண்ணாக எழுதி, இன்னொரு இடத்தில் அதே நிறத்தை எழுப்புவதற்காக.

குமிழ் திருகிய காலம்

எண்ணாக எழுதியாகிவிட்டது. வீட்டுக்கு வந்து சேர்ந்ததா? இல்லை.

1982-ல் நம் நாட்டில் கலர் டி.வி. வந்தது நினைவிருக்கும். டில்லியில் ஆசிய விளையாட்டு நடந்த வருஷம். அதற்கு முன்பே உலகம் மூன்று கட்சியாகப் பிரிந்திருந்தது. அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. முறை 1953-ல் வந்தது. வழியில் நிறம் திரிந்துவிடும் என்பதால் 'ஒரு நாளும் ஒரே நிறம் வராது' என்று அதன் எழுத்துகளுக்குப் புது விரிவு சொல்லிக் கேலி செய்தார்கள். ஹென்றி த பிரான்ஸ் என்ற பொறியாளர் பிரெஞ்சுக்காரர்களுக்கு 'செகாம்' கொடுத்தார். ஜெர்மனியில் வால்டர் புரூக் 'பால்' முறையைக் கொடுத்தார். நாம் எடுத்துக்கொண்டது பால். நிறம் தானாகத் திரியாது என்பது அதன் பெருமை.

தானாகத் திரியாவிட்டால் என்ன, நாம் திரிக்க மாட்டோமா? கலர் குமிழை முழுக்கத் திருகி வைப்போம். காசு கொடுத்து வாங்கிய கலராயிற்றே! செய்தி வாசிப்பவர் தக்காளியாக இருப்பார். பக்கத்து வீட்டில் அவரே எலுமிச்சம்பழம்.

கணினித் திரைக்கும் அதே கதி வந்தபோது, 1996-ல் எச்.பி., மைக்ரோசாப்ட் என்ற இரண்டு கம்பெனிகள் சேர்ந்து எஸ்.ஆர்.ஜி.பி. என்ற பொது அளவை முன்வைத்தன. 1999-ல் அது சர்வதேசத் தரமானது. இந்தச் சிவப்பு, இந்தப் பச்சை, இந்த நீலம், வெள்ளை என்றால் நடுப்பகல் வெளிச்சத்தை ஒத்த 'டி 65' என்ற வெள்ளை. கேமரா, திரை, அச்சு எல்லாம் இதை மதித்தால் ஒரே நிறம். கடைக்காரனும் வாங்குபவனும் ஒரே படிக்கல் வைத்திருப்பது போல.

முதலில் பழுது பார்த்த திரை

மானிட்டர் தேடுவதற்கு முன் இன்னொரு திரையைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. என் கண்.

போன வருஷம் எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். கட்டு அவிழ்த்த மறுநாள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். வலது கண்ணில் சுவர் வெள்ளை, லேசான நீல வெள்ளை. இடது கண்ணில் அதே சுவர் பழைய கோப்புக் காகிதம். வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளாகிறது. நீலத்தை மெல்ல வடிகட்டிவிடுகிறது. நமக்குத் தெரிவதே இல்லை. பிரெஞ்சு ஓவியர் கிளோது மொனேவுக்கும் இதுவே நடந்தது. கண்புரையோடு அவர் தீட்டியவற்றில் செம்பழுப்பும் மஞ்சளும் ஏறிக்கிடக்கும். 1923-ல் வலது கண்ணில் அறுவை செய்த பிறகு நீலம் கூடிவிட்டது என்று தவித்து, நிறக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

இடது கண்ணுக்கும் செய்துகொண்ட பிறகே கடைக்குப் போனேன். நம் வயதில் படம் திருத்த உட்காருபவர்களுக்கு முதல் அறிவுரை இது: கண் மருத்துவரைப் பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

கடையில்

திருவனந்தபுரம் பஸ் ஏறி ஒரு பெரிய கடைக்குப் போனேன். வரிசையாக மானிட்டர்கள். எல்லாவற்றிலும் பஞ்சவர்ணக் கிளி, வெட்டி வைத்த பழம். விற்பனைப் பையன், "சாரே, இதுதான் நல்ல கலர்" என்று மிகப் பிரகாசமான ஒன்றைக் காட்டினான். கிளி திரையை விட்டு வெளியே பறந்துவிடும் போல இருந்தது. எனக்கு 1982-ன் கலர் குமிழ்தான் நினைவுக்கு வந்தது. "தம்பி, நல்ல கலர் வேண்டாம், சரியான கலர் வேண்டும்" என்றேன். ஒரு விநாடி என்னைப் பார்த்தான். பிறகு உள்ளே இருந்து இன்னொருவரை அழைத்தான். அவர் விஷயம் தெரிந்தவர்.

நான் குறித்துக்கொண்டு போனதையும் அங்கே தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். தேவைப்படுபவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

திரையின் வகை ஐ.பி.எஸ். ஆக இருக்கட்டும். டி.என். என்ற மலிவு வகையில் தலையைச் சற்றுத் தூக்கினாலே நிறம் மாறிவிடும்.

எஸ்.ஆர்.ஜி.பி. அளவை 100 சதவீதம் காட்டுமா என்று கேளுங்கள். அடோபி ஆர்.ஜி.பி. என்று இதைவிட அகன்ற அளவும் உண்டு. அது உயர்தர அச்சுக்காரர்களுக்கு. விலையும் அகலம். சாதாரண பிரிண்ட் போடுகிற நமக்கு முதலாவது போதும். அகன்ற திரை வாங்கினால் அதை எஸ்.ஆர்.ஜி.பி.க்குள் கட்டுப்படுத்தும் வசதி இருக்க வேண்டும். இல்லையென்றால் எல்லாம் தக்காளி.

'டெல்டா ஈ' என்ற எண்ணைப் பாருங்கள். இருக்க வேண்டிய நிறத்துக்கும் திரை காட்டும் நிறத்துக்கும் உள்ள தூரம் அது. 1 என்றால் பழகிய கண்ணுக்கே அரிதாகத் தெரியும். 2-க்குள் இருந்தால் நம் வேலைக்குத் தாராளம்.

வெளிச்சத்தைக் குறைக்க முடிய வேண்டும். கடையிலிருந்து வரும்போது திரை 250, 300 அலகு வெளிச்சத்தில் இருக்கும். படம் திருத்த 100, 120 போதும்.

கடைசியாக, அளவுக் கருவி. கலரிமீட்டர் என்று எலி போல ஒன்று. திரையின் மேல் தொங்கவிட்டால் மென்பொருள் ஒவ்வொரு நிறமாகக் காட்ட, அது அளந்து, திரை எவ்வளவு பொய் சொல்கிறது என்று கணக்கெடுத்துத் திருத்திவிடும். முத்திரை இடும் அதிகாரி மாதிரி. எவ்வளவு நல்ல திரையும் நாள் போகப்போகத் திரியும் என்பதால் அவ்வப்போது மறுமுத்திரை வேண்டும். கருவியின் விலை பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். பேத்தியின் நண்பன் கல்யாணப் படம் எடுப்பவன். ஒரு மாலை இரவல் கொடுத்தான்.

24 அங்குலத்தில் ஒன்று வாங்கி வந்தேன். அரை மணி நேரம் ஓடவிட்டு, கருவியைத் தொங்கவிட்டு முத்திரை இட்டோம். திருத்தியதும் மனைவி பார்த்தாள். "இத்தனை ரூபா கொடுத்து மங்கலா ஒண்ணு வாங்கியிருக்கீங்க" என்றாள். உண்மை முதல் பார்வைக்கு மங்கலாகத்தான் இருக்கும்.

இப்போதுதான் என் மார்த்தாண்டம் பிரிண்ட் ஏன் கெட்டது என்று புரிந்தது. அச்சுக்காரர்மேல் தவறே இல்லை. என் மடிக்கணினி அளவுக்கு மேல் வெளிச்சமாக இருந்தது. அதனால் படத்தை இருட்டாக்கினேன். அது நீலம் பாய்ந்த வெள்ளை காட்டியது. அதைச் சரிக்கட்ட மஞ்சளைக் கூட்டினேன். திரையின் குற்றத்தைப் படத்தில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். தப்புப் படியால் அளந்து, அரிசியைக் குறை சொன்ன கதை.

ஷெவ்ரல் சொன்னதையும் மறக்கவில்லை. என் அறைச் சுவர் இளம்பச்சை. அதற்கு முன்னால் வைத்த எந்த முகமும் கொஞ்சம் சிவந்து தெரியும். திரைக்குப் பின்னால் சாம்பல் நிறத் துணி ஒன்றைத் தொங்கவிட்டேன். பகலில் ரப்பர் மரங்களுக்கிடையே வரும் வெளிச்சம் மேகத்துக்குத் தகுந்தபடி மாறுவதால், இரவில் ஒரே விளக்கில் வேலை.

புடவையும் கையும்

திரை சரி. ஆனால் படத்தில் சாயமே ஓடிப்போயிருக்கிறதே, எதை வைத்துத் திருத்துவது? மானிட்டருக்கு அம்மாவைத் தெரியாது.

மனைவிதான் வழி சொன்னாள். அந்தப் புடவை இருக்கிறது. அம்மா போன பிறகு தங்கை அதை இவளுக்குக் கொடுத்திருந்தாள். பெட்டியில், வெள்ளைத் துணியில் சுற்றி. உள் மடிப்பில் நிறம் மங்கவே இல்லை. அதை வெளியே எடுத்து, காலை பத்து மணிக்குத் திண்ணையில் விரித்துப் படமெடுத்து, பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதமும் வைத்து, அதை அளவாகக் கொண்டு திரையில் புடவையின் நிறத்தை மீட்டேன். புடவை சரியானதும் வாழை இலை பச்சைக்குத் திரும்பியது. வாசல் சுண்ணாம்பு வெள்ளையானது. ஒரு பொருளின் நிஜ நிறம் தெரிந்தால் படம் முழுவதும் மெல்லத் தன் இடத்துக்கு வருகிறது.

முகம் மட்டும் மிச்சம். இரண்டு இரவு அதில் கை வைக்கவில்லை. மூன்றாம் இரவு, சின்ன வயதில் எல்லோரும் என்னைச் சொன்னது நினைவுக்கு வந்தது: "அப்படியே அம்மா நிறம்." புதுச்சேரிப் பள்ளியில் அதற்காக நான் கேலியும் பட்டிருக்கிறேன். என் முழங்கையின் உட்பக்கத்தைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெயில் படாத இடம். வயது கொஞ்சம் மாற்றியிருக்கும்தான். இது சி.ஐ.ஈ. ஒப்புக்கொள்ளும் அளவுகோல் இல்லை. ஆனால் ஷெர்லியைவிட அம்மாவுக்கு நான் நெருங்கிய உறவு.

மெல்ல மெல்ல நகர்த்தினேன். நெற்றியில் வெயில் மினுங்கியது. கழுத்தடியில் நிழல் விழுந்தது. 1976-ன் அந்தக் காலையில் வாசலில் நின்றவர் வந்துவிட்டார்.

பிரிண்ட் போட்டு, தங்கைக்குத் தபாலில் அனுப்பினேன். கைப்பேசியில் அனுப்பவில்லை; அவளுடைய திரையை நான் நம்பவில்லை. கவர் கிடைத்ததும் போன் செய்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அண்ணா, புடவை இன்னும் கொஞ்சம் கரும்சிவப்பு" என்றாள். முகத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை.

இந்தச் சரித்திரத்திலிருந்து நான் கற்றது இவ்வளவுதான். நல்ல திரை நமக்கு எந்த உண்மையையும் தராது. தன் பங்குக்கு ஒரு பொய்யைச் சேர்க்காமல் இருக்கும். மிச்ச உண்மையை நாம்தான் கொண்டுவர வேண்டும்: ஒரு புடவை, ஒரு கை, ஒரு ஞாபகம்.

உங்கள் வீட்டிலும் சிவந்துகொண்டிருக்கும் படங்கள் இருக்கும். இந்த வாரமே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் பென்சிலில் எழுதி வையுங்கள்: யார், எந்த ஊர், எந்த வருஷம், புடவை என்ன நிறம். அந்த ஸ்டூடியோக்காரர் எழுதாமல் விட்டதையும் எழுதுங்கள். நான் எழுதிவிட்டேன். கல்யாணப் படத்தின் பின்னால் இப்போது இருக்கிறது: 'அம்மா, களியக்காவிளை, 1976. புடவை அரக்கு. அம்மா கருப்பு.'